லைப்ரரி எத்தனை மணிக்கு மூடுவாங்க?

மக்களே, ஒரு சின்னக் கேள்வி. உங்க காலேஜ் லைப்ரரில எத்தனை புத்தகம் இருக்கு? தெரியலன்னாலும் கண்டுபிடிச்சிடலாம். ப்ராஸ்பெக்டஸ்ல இருக்கும், வெப்சைட்ல இருக்கும், சில இடத்துல வாசல்லயே போர்டு மாட்டியிருப்பாங்க. எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை ஜர்னல், எத்தனை சதுர அடி, எல்லாம் போட்டிருக்கும். சரி, எத்தனை மணிக்கு மூடுவாங்க? என் க்ளாஸ்ல பத்து பேர்கிட்ட கேட்டேன். ரெண்டு பேர்தான் பதில் சொன்னாங்க. அதுல ஒருத்தன் சொன்ன நேரம் தப்பு :-)

இந்தப் பதிவு முழுக்க அந்த ரெண்டாவது கேள்வியைப் பத்தித்தான். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டிருந்த விஷயம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

நான் படிக்கிறது பி.காம். மூணாவது வருஷம், சென்னைல. காலேஜ் பேர் வேண்டாம். நல்ல காலேஜ்தான், நல்ல வாத்தியாருங்கதான். நான் சொல்லப்போறது ஷிஃப்ட் முறைல நடக்கிற நிறையக் காலேஜுக்குப் பொருந்தும்.

எங்களுக்குக் காலைல 8.30-க்கு முதல் பீரியட். மத்தியானம் 1.30-க்குக் கடைசி பெல். நடுவுல 20 நிமிஷம் பிரேக். லைப்ரரி 9 மணிக்குத் திறந்து 4.30-க்கு மூடுது. ஏழரை மணி நேரம் திறந்திருக்கே, போதாதான்னு தோணும். காமர்ஸ் பசங்க நாம, கணக்கு போட்டுப் பார்ப்போம். 9-லேர்ந்து 1.30 வரைக்கும் நான் க்ளாஸ்ல இருக்கேன் (இல்லன்னா அட்டெண்டன்ஸ் போயிடும், ஹால் டிக்கெட் வராது). 1.30-க்குக் கிளம்பினாத்தான் 2.30-க்கு ஆடிட்டர் ஆபீஸ் போய்ச் சேர முடியும். பார்ட் டைம் வேலை. பர்ச்சேஸ் பில், சேல்ஸ் பில் எல்லாம் என்ட்ரி போட்டு ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்குத் தயார் பண்ணிக் கொடுக்கணும். முடிய 6.30 ஆகும். மாசம் 20-ம் தேதி நெருங்கினா எட்டு மணிகூட ஆகும். ஆக, எனக்குன்னு மிச்சம் இருக்கிற லைப்ரரி நேரம் அந்த 20 நிமிஷ பிரேக்தான். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். 90-ஐ 20-ஆல பெருக்கினா 1,800 நிமிஷம். அதாவது 30 மணி நேரம். ஆறு மாசத்துக்கு!

அந்த 20 நிமிஷத்துலயும் பையை வெளில ரேக்ல வெக்கணும், ரெஜிஸ்டர்ல பேர், வகுப்பு, நேரம் எழுதணும், படியேறணும். ஏழு நிமிஷம் அதுல போயிடும். டீ வேற குடிக்கணும்.

வேலைக்குப் போகாதவங்களுக்கு மத்தியானம் மூணு மணி நேரம் கிடைக்கும், ஒத்துக்கறேன். ஷிஃப்ட் டூ பசங்களுக்கு க்ளாஸ் 2 மணிலேர்ந்து 6.30 வரைக்கும், அவங்க காலைலயே வரலாம். ஆனா எனக்குத் தெரிஞ்ச ஷிஃப்ட் டூ பசங்க காலைல பேப்பர் போடுறாங்க, கூரியர் ஆபீஸ்ல பார்சல் பிரிக்கிறாங்க, மெடிக்கல் ஷாப்ல நிக்கிறாங்க. அதுக்காகத்தான் அந்த ஷிஃப்டையே எடுத்திருக்காங்க. சாயங்காலம் அவங்க க்ளாஸ் விட்டு வெளில வரும்போது லைப்ரரியைப் பூட்டி ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

வீட்ல உட்கார்ந்து படிக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. எங்க வீடு வியாசர்பாடில. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. அப்பா, அம்மா, பாட்டி, தம்பி, நான். பாட்டிக்குக் காது மந்தம், அதனால சீரியல் வசனம் எதிர்வீட்டுக்கும் கேக்கும். பத்து மணிக்குப் பாய் விரிச்சா லைட்டை அணைச்சுடணும். அப்பா விடியக்காலை மூணரைக்கு எழுந்து மார்க்கெட்டுக்கு வண்டி எடுக்கணும். யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது, இடம் அவ்வளவுதான். எங்க தெருவுல பாதி வீடு இப்படித்தான்.

இப்ப நம்ம சிலபஸுக்கு வருவோம். இன்கம் டாக்ஸ் பேப்பர்ல தேய்மானம் படிச்சது ஞாபகம் இருக்கா? ஒரு கம்பெனி மெஷின் வாங்கிட்டா மட்டும் தேய்மானம் க்ளெய்ம் பண்ண முடியாது. அதைத் தொழிலுக்குப் பயன்படுத்தியிருக்கணும். வாங்கின வருஷத்துல 180 நாளைக்குக் குறைவாப் பயன்படுத்தினா, பாதித் தேய்மானம்தான். பில் இருந்தாப் போதாது, பயன்பாட்டுக்கு வந்த தேதி எங்கன்னு சட்டம் கேக்குது. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு எங்க லைப்ரரிதான் ஞாபகம் வந்துச்சு. பில் எல்லாம் பக்காவா இருக்கு. பயன்பாட்டுக்கு வந்த நேரத்தை யார் கணக்குப் பார்க்கறா?

இதே கேள்வியை ஒரு மனுஷர் கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கார். நம்ம சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன். 1892-ல பிறந்தவர். மாநிலக் கல்லூரில கணக்கு வாத்தியாரா இருந்தார். 1924-ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் நூலகரா வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாள்லயே சலிச்சுப் போச்சு. படிக்க ஆள் வர்றதில்ல, செய்ய வேலை இல்ல, திரும்பவும் கணக்கு சொல்லிக்கொடுக்கவே போயிடறேன்னு சொல்லியிருக்கார். லண்டன் போய் நூலகப் படிப்பு படிச்சுட்டு வாங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்னு அனுப்பி வெச்சாங்க. அங்க போனவர் ஊர் ஊராப் போய் நூலகங்களைப் பார்த்தார். திரும்பி வந்தவர் அப்புறம் கணக்குப் பக்கம் போகவே இல்ல. 1931-ல நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் பத்தி அவர் எழுதின புத்தகம் வெளியாச்சு. இன்னிக்கும் உலகம் முழுக்க நூலகவியல் படிக்கிறவங்க அதுலேர்ந்துதான் ஆரம்பிக்கிறாங்க.

அதுல முதல் விதியோட சாரம் இதுதான்: புத்தகம் இருக்கறதே பயன்படுத்தத்தான். இதுக்கு ஒரு விதி எதுக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு நெனச்சேன். அப்புறம்தான் அவர் அந்த விதிக்குக் கீழ எதைப் பத்தியெல்லாம் பேசறார்னு பார்த்தேன். நூலகம் எந்த இடத்துல இருக்கணும், எத்தனை மணி நேரம் திறந்திருக்கணும், நாற்காலி மேஜை எப்படி இருக்கணும், வேலை பார்க்கறவங்க எப்படி இருக்கணும். அதாவது புத்தகத்தைத் தவிர மத்த எல்லாம்! ஒரு காலத்துல ஐரோப்பாவுல புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்ததையும் சொல்றார். இப்ப சங்கிலி இல்ல, 4.30 மணிதான் சங்கிலி.

நாலாவது விதி வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தறது பத்தினது. இதுல காமர்ஸ்காரங்களுக்குன்னு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நிறையக் காலேஜ்ல புத்தகத்தை டூயி தசம வகைப்பாட்டுலதான் அடுக்கறாங்க. அதுல அக்கவுண்டன்சி 657. மேனேஜ்மென்ட் 658. வணிகம் 380. பொருளாதாரம் 330. பொது நிதியும் வரியும் 336. கமர்ஷியல் லா 346. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் 519. ஒரே செமஸ்டர்ல நாம படிக்கிற அஞ்சு பேப்பருக்கு அஞ்சு மூலைக்கு ஓடணும். இந்த நம்பரைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா நேரா ரேக்குக்குப் போயிடலாம். தெரியலன்னா உங்க 13 நிமிஷம் தேடறதுலயே போயிடும். ஃபர்ஸ்ட் இயர் தம்பி தங்கச்சிங்களுக்காக இந்த ஏழு நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கேன், யாரும் கிழிக்காம இருந்தா சரி.

ஆனா ரேக்குக்குப் போனா புத்தகம் கைக்கு வந்துடுமா? வராது. நல்ல புத்தகம் எல்லாம் கண்ணாடி பீரோவுல, பூட்டு போட்டு இருக்கும். எங்க லைப்ரரியன் சார்கிட்ட ஒரு தடவை இதைக் கேட்டேன்.

"சார், அந்த காஸ்ட் அக்கவுண்டிங் புக்கை ஏன் சார் பூட்டி வெச்சிருக்கீங்க?"

"ஏம்மா, அது தொலைஞ்சா யார் பணம் கட்டறது? ஸ்டாக் வெரிஃபிகேஷன்ல குறைஞ்சா என் தலைதான உருளும்."

அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா இதுக்கு ஒரு பதில் ஏற்கெனவே எழுத்துல இருக்கு. மத்திய அரசோட பொது நிதி விதிகள் 2017-ல நூலகத்துக்குன்னே தனி விதி உண்டு. வருஷத்துல வாசகருக்குக் கொடுத்த ஆயிரம் புத்தகத்துக்கு அஞ்சு தொலைஞ்சா, நேர்மைக் குறைவோ அலட்சியமோ இல்லாத வரைக்கும் அதை இயல்பான இழப்பா எடுத்துக்கலாம்னு அது சொல்லுது. விலை 1,000 ரூபாய்க்கு மேல இருக்கிற புத்தகமோ அபூர்வமான புத்தகமோ தொலைஞ்சா மட்டும் கட்டாயம் விசாரிக்கணும். காஸ்ட் அக்கவுண்டிங்ல இயல்பான இழப்புன்னு படிக்கிறோமே, அதே தத்துவம்தான்! எண்ணெய் டின் மாத்தும்போது கொஞ்சம் சிந்தும், அதைச் செலவுல சேர்த்துட்டு மேல போகணும். சிந்திடுமேன்னு டின்னைத் திறக்காமலே வெச்சா வியாபாரம் எப்படி நடக்கும்? அந்த விதி மத்திய அரசு அலுவலகங்களுக்கானது. ஆனா எந்தக் காலேஜ் நிர்வாகமும் இதே மாதிரி ரெண்டு வரி எழுதிக் கொடுத்துட்டா லைப்ரரியன் சாருக்குப் பயம் போயிடும், பீரோவும் திறக்கும்.

அடுத்தது கம்ப்யூட்டர் லேப். எங்களுக்கு டாலி பிராக்டிகல் ஒரே ஒரு செமஸ்டர். வாரத்துக்கு ரெண்டு மணி நேரம். 90 வேலை நாள்னா 18 வாரம். மொத்தம் 36 மணி நேரம். மத்த நேரமெல்லாம் லேப் பூட்டியிருக்கும். இப்ப வருமான வரிக் கணக்குப்படி பாருங்க. கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். ஒரு மெஷின் 40,000 ரூபான்னு வெச்சுக்குவோம். முதல் வருஷக் கடைசில 24,000. ரெண்டாவது வருஷம் 14,400. மூணாவது வருஷம் 8,640. நான் காலேஜ்ல சேர்ந்தப்ப வாங்கின மெஷின், நான் டிகிரி முடிச்சு வெளில போகும்போது அஞ்சுல ஒரு பங்கு சொச்சம்தான். நாற்காலி மேஜைக்குத் தேய்மானம் 10 சதவீதம்தான். புத்தகம்கூடப் பொறுமையா இருக்கும், பத்து வருஷம் கழிச்சும் யாராவது எடுத்துப் படிப்பாங்க. கம்ப்யூட்டர் அப்படி இல்ல. நீங்க தொட்டாலும் தொடாட்டியும் அது பழசாயிட்டே இருக்கும். பூட்டி வெச்சுப் பாதுகாக்கவே முடியாத ஒரே பொருள் அதுதான்.

வீட்ல பழகிக்கலாமேன்னா, லைசென்ஸ் இல்லாத டாலியோட கல்விப் பயன்முறைல மாசத்துல 1-ம் தேதி, 2-ம் தேதி, கடைசித் தேதி, இந்த மூணு நாளுக்குத்தான் வவுச்சர் போட முடியும். பழகறதுக்கு அது போதும், குறை சொல்லல. ஆனா ஒரு கடையோட ஒரு மாச வியாபாரத்தை நாள் வாரியா முழுசாப் போட்டுப் பார்க்கணும்னா லைசென்ஸ் இருக்கிற லேப்தான் வேணும். வேலைக்குப் போற இடத்துல முதல் நாளே அதைத்தான் கேக்கறாங்க. எனக்கு ஆபீஸ்ல பழக்கம் கிடைச்சுது. வேலைக்குப் போகாத என் ஃப்ரெண்டுக்கு அது இல்ல.

அரசாங்கம் லேப்டாப் கொடுக்குதேன்னு சிலர் சொல்வாங்க. உண்மைதான். 2011 செப்டம்பர்ல தமிழ்நாட்ல இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பிச்சப்ப அது பெரிய விஷயம், எங்க தெரு அண்ணனுங்க பல பேர் முதல் தடவையா சொந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டது அப்பத்தான். 2025 மார்ச் பட்ஜெட்லயும் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருஷத்துல லேப்டாப் இல்லன்னா டேப்லெட்னு அறிவிச்சாங்க. நல்லதுதான். ஆனா லேப்டாப்பை வெக்க ஒரு மேஜை வேணும், சார்ஜ் போட ஒரு ப்ளக் பாயிண்ட் வேணும், பக்கத்துல சீரியல் ஓடக் கூடாது.

ஆன்லைன்லயும் இதே கதைதான். நம்மகிட்ட இல்லாதது ஒண்ணும் இல்ல. என்-லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு. காந்திநகர்ல இருக்கிற இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தறது. உங்க காலேஜ் அதுல உறுப்பினரா இருந்தா உங்களுக்குன்னு தனி ஐ.டி. வாங்கிக்கலாம், காலேஜ் கேம்பஸுக்கு வெளிலேர்ந்தும் திறக்கும். லைப்ரரியன் சார்கிட்ட கேளுங்க, நிறைய பேர் கேக்கறதே இல்ல. ஐ.ஐ.டி. கரக்பூர் உருவாக்கின தேசிய டிஜிட்டல் நூலகம் 2018 ஜூன்ல நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது, அதுக்குக் காலேஜ் தயவுகூட வேண்டாம். 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபா. 30 பதிப்பகத்தோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு. சி.ஏ. படிக்கிறவங்களுக்கு ஐ.சி.ஏ.ஐ. தன்னோட ஸ்டடி மெட்டீரியல் முழுசையும் வெப்சைட்லயே இலவசமாப் போட்டிருக்கு. ஆக, படிக்க விஷயம் இல்லைங்கிற காலம் முடிஞ்சு போச்சு. ஆனா 500 பக்க பி.டி.எஃப்-ஐ ஆறு இன்ச் மொபைல்ல, அதுவும் பேலன்ஸ் ஷீட்டை இடதும் வலதும் தள்ளித் தள்ளிப் படிச்சுப் பாருங்க. ரெண்டாவது நாள் கண்ணு எரியும்.

அதனாலதான் காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடைல அவ்வளவு கூட்டம். நிஜத்துல எங்க லைப்ரரி அதுதான். காலைல 8 மணிலேர்ந்து ராத்திரி 9 மணி வரைக்கும் திறந்திருக்கு! 2012-ல டெல்லில மூணு பெரிய பதிப்பகங்கள் ஒரு ஜெராக்ஸ் கடை மேலயும் டெல்லிப் பல்கலைக்கழகம் மேலயும் வழக்கு போட்டாங்க. பாடத்துக்கு வேணுங்கிற பக்கங்களைப் பிரதி எடுத்துத் தொகுத்துக் கொடுக்கறது காப்பிரைட் மீறல்னு வாதம். 2016 செப்டம்பர்ல டெல்லி உயர்நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி பண்ணிச்சு. கல்விக்காகச் சட்டத்துலயே விலக்கு இருக்குன்னு சொல்லிடுச்சு. அப்பீலுக்கு அப்புறம் பதிப்பகங்களே 2017-ல வழக்கை வாபஸ் வாங்கிட்டாங்க. அந்தக் கடைல ஏன் கூட்டம் இருந்துச்சுன்னு யோசிச்சா எனக்குப் பதில் நல்லாத் தெரியுது. மாணவனுக்குத் தோதான நேரத்துல திறந்திருக்கிற இடம் அது.

நேரத்துக்கு விலை உண்டுங்கிறதுக்கு இன்னொரு சாட்சி, அண்ணா நகர்ப் பக்கம் இருக்கிற தனியார் ரீடிங் ரூம்கள். மாசக் கட்டணம் கட்டணும். உள்ள போனா ஒரு புத்தகம் இருக்காது. ஒரு தடுப்பு வெச்ச மேஜை, நாற்காலி, ப்ளக் பாயிண்ட், வைஃபை, ராத்திரி வரைக்கும் வெளிச்சம். அவ்வளவுதான் சரக்கு. அதுக்குக் காசு கொடுத்து இடம் பிடிக்க பசங்க காத்திருக்காங்க. அப்ப மாணவனுக்குக் குறையறது எதுன்னு மார்க்கெட் ஏற்கெனவே சொல்லிடுச்சு.

காசு வாங்காத இடமும் உண்டு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15-ல திறந்தது. அங்க சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கறதுக்குன்னே தனிப் பகுதி இருக்கு, ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும். 2011 நவம்பர்ல அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையா மாத்தப்போறதா அறிவிப்பு வந்து, சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டதால தப்பிச்ச நூலகம் அது. ஒரு ஞாயித்துக்கிழமை அங்க போய்ப் பார்த்தா அன்னிக்கு எது தப்பிச்சுதுன்னு புரியும். மேஜை மேல சி.ஏ. மாட்யூல், டி.என்.பி.எஸ்.சி. கைடு, நீட் கேள்வித்தாள், பக்கத்துல தண்ணி பாட்டில். யாரும் யாரையும் பார்க்கறதில்ல.

எனக்கு அங்க போக பஸ் செலவு கிடையாது. 2021 மே மாசத்துலேர்ந்து சாதாரணக் கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. ஆனா வியாசர்பாடிலேர்ந்து ரெண்டு பஸ் மாறிப் போக ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம். வார நாள்ல முடியாது. அதனால 2024 நவம்பர்ல கொளத்தூர்ல முதல்வர் படைப்பகம் திறந்தப்ப வடசென்னைக்காரங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு தெற்குல இருக்கிறவங்களுக்குப் புரியாது. படிக்கறதுக்கு ஒரு தளம், வேலை பார்க்க ஒரு தளம், ரொம்பக் குறைஞ்ச கட்டணம். அங்கயும் விக்கறது அதேதான்: நாற்காலி, வெளிச்சம், நேரம்.

அந்த நேரம்கூட எல்லாருக்கும் ஒண்ணா இல்ல. 2014 நவம்பர்ல அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துல இளநிலை மாணவிகளுக்கு அவங்களோட பெரிய மௌலானா ஆசாத் நூலகத்துல அனுமதி இல்லைங்கிறது நாடு முழுக்கப் பேச்சாச்சு. இடம் போதாதுங்கிறதும் ஒரு காரணமாச் சொல்லப்பட்டுச்சு. அலகாபாத் உயர்நீதிமன்றம் தலையிட்டுது, அப்புறம் அனுமதி கிடைச்சுது. எங்க வீட்ல அப்படித் தடையெல்லாம் இல்ல. ஆனா எட்டரைக்கு மேல ஆச்சுன்னா அம்மா பஸ் ஸ்டாப்ல வந்து நிப்பாங்க. ஒரு வார்த்தை திட்ட மாட்டாங்க, வந்து நிப்பாங்க. அதுக்கு அப்புறம் எத்தனை நாள் லேட்டா வரத் தோணும்? தூரத்துல இருக்கிற பெரிய லைப்ரரியைவிடப் பக்கத்துல, தெரிஞ்ச வாட்ச்மேன் இருக்கிற காலேஜ் லைப்ரரி ஏழரை வரைக்கும் திறந்திருந்தா, என்னை மாதிரி பொண்ணுங்களுக்கு அதுதான் பெரிசு.

என் கூடப் படிக்கிற ஒருத்தி சி.ஏ. ஃபவுண்டேஷன் முதல் முயற்சிலயே பாஸ் பண்ணினா. எங்க செட்ல அவ ஒருத்திதான். இன்டர்மீடியட்ல ஆறு பேப்பர். வீட்ல அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாங்க, உட்கார இடம் இல்ல. மொட்டை மாடில படிச்சா, கொசு. கோயில் மண்டபத்துல படிச்சா, ஒருத்தன் தினமும் எதிர்ல வந்து உட்கார ஆரம்பிச்சான். காலேஜ்ல 4.30-க்கு லைட் அணைச்சுடுவாங்க. ரெண்டு மாசம் முன்னாடி, "விட்டுட்டேன்டி, டிகிரி முடிச்சுட்டு பேங்க் எக்ஸாம் பார்த்துக்கறேன்"னா. பேங்க் எக்ஸாம் மட்டம்னு சொல்ல வரல. அவ விட்டதுக்கு நூறு காரணம் இருக்கலாம். ஆனா மூளை இல்லைங்கிறது அதுல ஒண்ணு கிடையாது. புத்தகம் இல்லைங்கிறதும் கிடையாது, எல்லா மாட்யூலும் அவகிட்ட இருந்துச்சு.

சரி, திறந்து வெக்க என்ன செலவாகும்? மார்ஜினல் காஸ்டிங் போட்டுப் பார்த்தேன். கட்டடம், புத்தகம், மேஜை, நெட், எல்லாம் ஏற்கெனவே செலவாகிப் போன காசு. மணிக்கணக்கு கூடினா கூடப்போற செலவு மட்டும்தான் இங்க முக்கியம். 4.30-லேர்ந்து 7.30 வரைக்கும் மூணு மணி நேரம். மாணவர்கள் ரெண்டு பேரையே பகுதி நேர உதவியாளரா வெச்சு மணிக்கு 100 ரூபா கொடுத்தா ஒரு நாளைக்கு 600. 90 நாளைக்கு 54,000. கரண்ட்டுக்கும் மத்ததுக்கும் 16,000-னு வெச்சுக்குவோம். மொத்தம் 70,000. 2,000 பேர் படிக்கிற காலேஜ்ல ஒரு செமஸ்டருக்கு ஆளுக்கு 35 ரூபா. ஒரு ஸ்பைரல் நோட்ஸ் அதைவிட ஜாஸ்தி. என் அனுமானத்துல தப்பு இருக்கலாம், ரெண்டு மடங்காப் போட்டாலும் 70 ரூபாதான்.

இன்னொரு கணக்கும் தெரிஞ்சுக்கங்க. ரங்கநாதனும் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948-ம் வருஷப் பொது நூலகச் சட்டத்தால இங்க சொத்து வரியோட நூலக வரியும் வசூலாகுது, இப்ப ரூபாய்க்கு 10 பைசா. வாடகை வீட்ல இருந்தாலும் அந்தப் பைசா நம்ம வாடகைலேர்ந்துதான் போகுது. அது பொது நூலகத்துக்கான காசு, காலேஜுக்கு வராது. ஆனா நூலகம்கிறது யாரோ நமக்குச் செய்யற தர்மம் இல்லைங்கிறதுக்காகச் சொல்றேன். காலேஜ்லயும் லைப்ரரி ஃபீஸ்னு தனியா ஒரு வரி இருக்கும், சலானை எடுத்துப் பாருங்க.

இந்தக் கணக்கை ஒரு பக்கத்துல எழுதி, 64 பேர் கையெழுத்தோட நிர்வாகத்துகிட்ட கொடுத்தோம். லைப்ரரியன் சார்கிட்ட முதல்ல காட்டினேன். "நான் தனியாளும்மா, அட்டெண்டர் ஒருத்தர். எனக்கும் வீடு இருக்கு"ன்னார். அவரைத் தினமும் பதினொரு மணி நேரம் உட்கார வெக்கணும்னு நாங்க கேக்கல, உதவியாளர் போடுங்கன்னுதான் கேக்கறோம்னு சொன்னேன். படிச்சுப் பார்த்துட்டு, "கரண்ட்டைக் கொஞ்சம் கம்மியாப் போட்டிருக்க"ன்னு திருத்திக் கொடுத்தார் :-) திருத்தின கணக்கைத்தான் மேல போட்டிருக்கேன்.

பதில் வந்துடுச்சு. முழு செமஸ்டருக்கும் இல்ல. பரீட்சைக்கு முந்தின நாலு வாரம் மட்டும், 7 மணி வரைக்கும், சோதனை முறைல. எத்தனை பேர் வர்றாங்கன்னு பார்த்துட்டு அடுத்த வருஷத்துக்கு முடிவு பண்ணுவாங்களாம். அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேன். நாங்க கேட்டதோட பலன் ஜூனியர்ஸுக்குத்தான்.

அதனால என் காலேஜ் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த நாலு வாரம் வாங்க. படிக்க வாங்க, அசைன்மென்ட் எழுத வாங்க, சும்மா ஃபேன் காத்து வாங்கவாவது வாங்க. ஷிஃப்ட் டூ பசங்களே, உங்களுக்கு 6.30-லேர்ந்து அரை மணி நேரம்தான் கிடைக்கும்னு தெரியும், அந்த அரை மணிக்காவது வந்து கையெழுத்துப் போடுங்க. அப்பத்தான் அடுத்த தடவை எட்டு மணி கேக்க முடியும். வேற காலேஜ்ல படிக்கிறவங்க உங்க லைப்ரரி மூடற நேரத்தை நாளைக்குப் போய்ப் பாருங்க, உங்க க்ளாஸ் விடற நேரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டையும் ஒரு பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல எழுதினாலே பாதி மனு ரெடி.

கடைசியா ஒண்ணு. ரெஜிஸ்டர்ல உள்ள வர்ற நேரத்தை எல்லாரும் எழுதறோம். வெளில போற நேரத்துக்கும் ஒரு கட்டம் இருக்கு, அதை யாரும் நிரப்பறதே இல்ல. நிர்வாகம் நம்மகிட்ட கேக்கப்போற கணக்கு அந்தக் கட்டத்துலதான் இருக்கு. தயவுசெஞ்சு எழுதிட்டுப் போங்க.